வில்லங்கம் "நில்"... ஆனால் நிலம் யாருடையது?
நெம்மேலி பக்கம் மனை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு!

நெம்மேலி:

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவான்மியூர் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். வேன்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பறக்கும். உள்ளே கணவன், மனைவி, மாமியார், மடியில் கைக்குழந்தை. எல்லோரும் "சைட்" பார்க்கப் போகிறவர்கள்!

வேன் இலவசம். மதியச் சாப்பாடு இலவசம். அன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தங்கக் காசும் இலவசம்.

ஆனால், அந்த நிலம் யாருடையது என்ற விவரம் மட்டும் இலவசமாகக் கிடைக்காது. அதை வாங்குகிறவர்தான் அலைந்து தேட வேண்டும். சில ஆயிரம் ரூபாய் செலவாகும். பத்துப் பதினைந்து நாள் ஆகும். "இன்னைக்கு விட்டா இந்த ரேட்டுக்குக் கிடைக்காது சார்" என்று புரோக்கர் காதில் ஓதும்போது, இந்தப் பதினைந்து நாள்தான் பலருக்கு ஞாபகம் வராமல் போகிறது.

கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, நெம்மேலி, கிருஷ்ணன்காரணை, பட்டிபுலம், சாலவான்குப்பம் என்று மாமல்லபுரம் வரை ஊர்கள் சங்கிலி போல வருகின்றன. இடது பக்கம் கடல். வலது பக்கம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவே இருப்பது குறுகலான ஒரு துண்டு நிலம்தான். அதில் கோவில் நிலம் உண்டு. புறம்போக்கு உண்டு. மீனவர் குப்பம் உண்டு. நிபந்தனை நிலம் உண்டு. மிச்சம்தான் தனியார் பட்டா.

வாங்க வருகிறவர் கண்ணுக்கு எல்லாமே ஒரே மணல், ஒரே சவுக்குத் தோப்பு!

ஆலையும் தண்ணீரும்

நெம்மேலி என்றாலே நினைவுக்கு வருவது கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலை. முதல் ஆலை 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். பக்கத்திலேயே இரண்டாவது ஆலை, 15 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

மனை விற்கிறவர்கள் இதை விடுவார்களா? "ஆலை பக்கத்துல இருக்கு. தண்ணிப் பிரச்சினையே கிடையாது சார்!" என்பது இங்கே வாடிக்கையான வசனம்.

அந்தத் தண்ணீர் சென்னை மாநகருக்காக எடுக்கப்படுகிற தண்ணீர். ராட்சதக் குழாயில் வடக்கே போகிறது. உங்கள் மனை வாசலில் குழாய் போகிறது என்பதற்காக உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. மனைக்கு என்ன தண்ணீர், போர் போட்டால் உப்பா, நல்லதா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பார்ப்பதே உத்தமம்.

அந்த ஆலை சொல்லுகிற வேறொரு சேதி இருக்கிறது. அதைப் புரோக்கர் சொல்ல மாட்டார்.

முதல் ஆலை எழுந்த இடம் ஆளவந்தார் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. சென்னைக் குடிநீர் வாரியம் அதைக் கிரயத்துக்கு வாங்கவில்லை. குத்தகைக்கு எடுத்துத்தான் ஆலை கட்டியது. அரசாங்க வாரியமே குத்தகைக்கு எடுத்த வகையைச் சேர்ந்த நிலத்தை, துண்டு போட்டு விற்க யாருக்கு அதிகாரம்?

ஆளவந்தார் சொத்து

ஆளவந்தார் நாயகர் இந்த வட்டாரத்துப் பெருமாள் பக்தர். ஒரு நூற்றாண்டுக்கு முன்னே, ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட தம் நிலங்களை உயில் எழுதி தர்மத்துக்கு விட்டுப் போனார். திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள், மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோவில்களின் உற்சவம், அன்னதானம் எல்லாம் இதில் அடக்கம். நெம்மேலி, பட்டிபுலம், சாலவான்குப்பம் என்று கடலோரமாகப் பரவிக் கிடக்கின்றன இந்த நிலங்கள். இன்றைக்கு இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன.

அன்றைக்கு அது வெறும் மணல் மேடு. இன்றைக்கு சென்ட் விலை கேட்டால் தலை சுற்றும். ஆக்கிரமிப்புக்குக் கேட்கவா வேண்டும்?

1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவு கறாராக இருக்கிறது. அறநிலையத்துறை கமிஷனர் அனுமதி இல்லாமல் கோவில் அல்லது தர்ம சொத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் இதைப் பதியக் கூடாது என்கிறது. பத்துக் கை மாறி உங்களிடம் வந்திருந்தாலும் சரி, நீங்கள் கொடுத்த காசு நல்ல காசாக இருந்தாலும் சரி, கதை அதேதான்.

"நில்" என்றால் என்ன அர்த்தம்?

இங்கேதான் முதல்முறை வாங்குகிறவர் தடுக்கி விழுகிற இடம்.

"30 வருஷத்துக்கு ஈ.சி. போட்டுட்டோம் சார். நில்!" என்று புரோக்கர் காகிதத்தை ஆட்டுவார். ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். "நில்" என்றால் வில்லங்கம் இல்லை என்று மனசு குளிர்ந்துவிடும்.

வில்லங்கச் சான்று சொல்வது ஒன்றே ஒன்றுதான். அந்த சர்வே எண்ணில், அந்தக் காலத்துக்குள், சார்பதிவாளர் ஆபீசில் என்னென்ன பத்திரம் பதிவானது என்பதுதான் அது. பதிவாகாத எதுவும் அதில் வராது. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பதிவு செய்யாத உயில் வராது. நடந்துகொண்டிருக்கும் சொத்து வழக்கு பல சமயம் வராது. அப்பா செத்த பிறகு சொத்து எத்தனை பிள்ளைக்குப் போனது என்பதும் வராது.

நூறு வருஷத்துக்கு முந்தைய உயில் 30 வருஷ வில்லங்கத்தில் எப்படித் தெரியும்? தர்ம சொத்தை யாரும் விற்காமல், அடமானம் வைக்காமல் இருந்தால் வில்லங்கம் பளிச்சென்று சுத்தமாகத்தானே இருக்கும்!

சரி, "பதிவே ஆகிவிட்டது, இனி என்ன பயம்?" என்பார்கள் சிலர். 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ சம்பந்தமான வழக்கு அது. விற்கிறவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்று நீதிபதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பத்திரத்தில் விழும் முத்திரை, இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்குத்தான் சாட்சி. எழுதிக் கொடுத்தவர் சொந்தக்காரரா என்பதற்கு அல்ல.

அப்படியானால் எங்கே பார்ப்பது? கிராமக் கணக்கில் பார்க்க வேண்டும். பட்டா, சிட்டாவோடு நிற்காமல் 'அ' பதிவேடு வரை போக வேண்டும். புல எண்ணுக்கு எதிரே கோவில், தர்மம், புறம்போக்கு, மேய்க்கால், நத்தம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோவில் நில ஆவணங்களை அறநிலையத் துறை 2021-ல் இணையதளத்தில் ஏற்றத் தொடங்கியது. அதையும் தட்டிப் பார்க்கலாம். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் அந்த சர்வே எண்ணுக்கு "பூஜ்யம்" என்று இருந்தால், அட்வான்ஸ் பணத்தை மடியிலேயே முடிந்துகொண்டு வேன் ஏறிவிடலாம்.

கலெக்டர் எழுதிய குறிப்பு

செங்கல்பட்டு சீமைக்கென்றே இன்னொரு சமாசாரம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கலெக்டராக இருந்தவர் டிரெமென்ஹீர். தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் படும் பாட்டை 1891-ல் அரசாங்கத்துக்கு அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் உத்தரவு பிறந்தது. சென்னை மாகாணத்தில் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம். வேறு யார் வாங்கினாலும் செல்லாது.

அந்த நிலங்களை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டு அருகே காரணையில் போராட்டம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். ரத்தம் சிந்திய பிரச்சினை இது. இந்த நிலத்தில் வீடு கட்டுகிறவர் தன் பணத்தை இழப்பதோடு போகவில்லை. இன்னொருவர் வயிற்றில் அடித்த நிலத்தில் குடியேறுகிறார். தெரியாமல் வாங்கினேன் என்பதை யாரும் கேட்கப் போவதில்லை.

கணக்கில் இது தெரியுமா? 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க நிலக் கணக்குகளைப் புதுப்பித்து எழுதினார்கள். எழுதும்போது பேர் மாறிய இடம் உண்டு. நிபந்தனைக் குறிப்பு விட்டுப்போன இடமும் உண்டு. அதனால் இன்றைய பட்டாவை மட்டும் பார்த்தால் போதாது. யு.டி.ஆருக்கு முந்தைய கணக்கையும் நகல் எடுக்கச் சொல்லுங்கள். நல்ல வக்கீல் இதைக் கேட்காமலே செய்வார். விற்கிறவரே கூட்டிவரும் வக்கீலிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்!

அலை சத்தம் கேட்கும் வீடு

"கதவைத் திறந்தா கடல்!" என்று விளம்பரம் செய்வார்கள். கதவைத் திறந்தால் கடல் தெரிகிற இடத்தில் கதவு வைக்கலாமா என்பதே கேள்வி.

1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை கொண்டுவந்தது. பிறகு 2011-லும் 2019-லும் திருத்தி எழுதினார்கள். அலை உச்சமாக ஏறும் கோட்டிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கட்டக் கூடாது என்பது சாரம். கிராமக் கடற்கரைகளுக்கு வெகுகாலமாக இருந்த கணக்கு 200 மீட்டர். இடத்தின் வகையைப் பொறுத்து இது மாறும். கடலோர மண்டல வரைபடத்தில் அந்த சர்வே எண் எந்த வகையில் விழுகிறது என்று பார்க்காமல் கடலோர மனையைத் தொடவே கூடாது.

மீறினால் என்ன ஆகும்? கொச்சி மரடு ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். 2019 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள்! குடியிருந்தவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்கள். பத்திரம் வைத்திருந்தவர்கள். வீட்டு வரி கட்டியவர்கள். வீடு புழுதியாகப் போனதை எதிர்க்கரையில் நின்று பார்த்தார்கள். ஆளுக்கு ரூ.25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கக் கோர்ட்டு சொன்னது. வீடு வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் அது பலருக்குக் காணாது.

மாமல்லபுரத்தை ஒட்டிப் போனால் தொல்லியல் துறையின் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டத் தடை. அதற்கு மேல் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கியே கட்ட வேண்டும்.

"பஞ்சாயத்து அப்ரூவல்"

இந்த இரண்டு வார்த்தையை நம்பி தமிழ்நாட்டில் மோசம்போன குடும்பங்கள் ஏராளம். வயக்காட்டில் கல் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, பஞ்சாயத்து ரப்பர் ஸ்டாம்ப் குத்திய வரைபடத்தைக் கையில் கொடுப்பார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்க பஞ்சாயத்துத் தலைவருக்குத் தனி அதிகாரம் கிடையாது. நகர் ஊரமைப்பு இயக்ககம், அல்லது சென்னைப் பெருநகர் எல்லைக்குள் சி.எம்.டி.ஏ. ஒப்புதல் எண் வேண்டும்.

2016 செப்டம்பர் 9-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. மாநிலமே ஆடிப்போனது. பதிவு ஆபீசுகள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவான மனைகளுக்கு வழி பிறந்தது. ஆனால் வரன்முறைப் படுத்தாத மனை இன்னமும் கைக்கு கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் வீடு கட்ட பிளான் அனுமதி கிடைப்பதும் பாங்கியில் கடன் கிடைப்பதும் குதிரைக் கொம்பு. மனை இருக்கும், வீடு வராது!

அங்கீகாரம் உள்ள மனைப்பிரிவு என்றாலும் ஒன்று கேளுங்கள். சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதியாகிவிட்டதா? இல்லையென்றால் வரைபடத்தில் இன்று பூங்காவாக இருக்கும் இடம் நாளைக்கு 42-ம் நம்பர் மனையாக விற்பனைக்கு வந்து நிற்கும்.

அக்கா கையெழுத்து எங்கே?

விற்கிறவர் சிங்கப்பூரில் இருக்கிறார், தம்பிக்கு "பவர்" கொடுத்திருக்கிறார் என்பார்கள். பவர் கொடுத்தவர் காலமாகிவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அவரோடு போய்விடும். அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று கேட்கிறார்கள். வெறும் பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் கையில் வாங்கிக்கொண்டு சொத்து வாங்கிவிட்டதாக நினைப்பது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது.

அப்புறம் வாரிசு. அண்ணன் தம்பி மூவர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வந்தவாசியில் வாழ்க்கைப்பட்ட அக்காவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அக்கா வழக்குப் போட்டால் வாங்கியவர்தான் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். மைனர் பிள்ளை பங்கை கோர்ட்டு அனுமதியில்லாமல் விற்றிருந்தால், அவன் மேஜரானதும் மூன்று வருஷத்துக்குள் எதிர்த்து வழக்காடலாம். வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பேருக்கும் எதிரே பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

மாசச் சம்பளக்காரர் கணக்கு

ஒரு கம்பெனி கிளார்க். ரூ.40 லட்சத்தில் புது பிளாட் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "பாங்கி கொடுக்கும்" என்பார்கள். ரிசர்வ் பாங்கி விதிப்படி ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. ரூ.32 லட்சம் கிடைக்கலாம். கையிலிருந்து ரூ.8 லட்சம். 2023 டிசம்பரிலிருந்து ரூ.50 லட்சம் வரையான புது பிளாட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத்தாள் 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். அது ரூ.2 லட்சத்து 40 ஆயிரம். இதற்குக் கடன் கிடையாது. மொத்தம் ரூ.10 லட்சத்து 40 ஆயிரம் கையில் வேண்டும். கட்டி முடிக்காத வீடு என்றால் ஜி.எஸ்.டி. தனி.

வெறும் மனை என்றால் 7-ம் 2-ம் சேர்ந்து 9 சதவீதம். ரூ.20 லட்சம் மனைக்கு ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். ரூ.10 லட்சத்துக்குள் சொத்து வாங்கி மனைவி பேரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் மிச்சம்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சொத்து விற்பனைக்கு ரூ.20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015-லிருந்து தடுத்து வைத்திருக்கிறது. செக், டி.டி., பாங்கி வழிதான். பிறகு தகராறு வந்தால் பாஸ்புக்கே சாட்சி சொல்லும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட குடியிருப்போ விற்க வேண்டுமானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். 2016-ம் ஆண்டுச் சட்டம் இது. "ரெரா நம்பர்" என்பது இதுதான். விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் தங்கக் காசு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கிய பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும். சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். கட்டடத்தில் ஐந்து வருஷத்துக்குள் கோளாறு வந்தால் கட்டியவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

ரெராவும் மந்திரக்கோல் அல்ல. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி இடிந்து விழுந்து 61 பேரைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடத்துக்கும் அங்கீகாரம் இருந்தது. காகிதம் பார்த்த பிறகு மண்ணையும் பார்க்க வேண்டும்.

மண் பார்க்க ஏற்ற மாதம் பங்குனி அல்ல, ஐப்பசி கார்த்திகை. புரோக்கர் வேன் வேண்டாம். அடைமழை விட்ட மறுநாள் திருப்போரூரிலிருந்து நெம்மேலி போகிற சாலையில் சொந்தச் செலவில் போய்ப் பாருங்கள். கழியும் கால்வாயும் எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரியும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவு மாண்டூஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. அன்றைக்கு உங்கள் மனையில் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்று டீக்கடையில் கேளுங்கள். அவர்களுக்கு கமிஷன் கிடையாது. உள்ளதைச் சொல்வார்கள். அப்படியே தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்து, சர்வேயரை வரவழைத்து, புலப்படத்தை வைத்து நாலு மூலையும் அளந்து, கல் ஊன்றிய பிறகு பத்திரம் எழுதப் போகலாம்.

அதற்குள் அந்த மனையை வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விட்டால் போகட்டும். கடலோரத்தில் மனைக்குப் பஞ்சமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வேன் வரும்.